வனிலாவைக் குறைத்தால்தான் காகிதம் வரும்: பழைய புத்தக மணத்தை வீட்டிலேயே கலக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ரோஜாவுக்கு அத்தர் உண்டு, சந்தனத்துக்கு எண்ணெய் உண்டு. காகிதத்துக்கு ஒன்றும் கிடையாது. மூட்டை மூட்டையாகப் பழைய புத்தகங்களைக் கொப்பரையில் போட்டுக் காய்ச்சினாலும் மிஞ்சுவது கூழ்தான். வாசனைத் திரவியங்களில் காகிதம் என்று வருவதெல்லாம், மரம், வேர், பாசி, கஸ்தூரி என்று வேறு எதை எதையோ சேர்த்து மூக்கை நம்பவைக்கும் கலவை. அந்தக் கலவையை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகம் என்றால் வனிலா மணம் என்று எங்கோ படித்துவிட்டு, வனிலாவின் மணப்பொருளான வனிலினைத் தாராளமாக அள்ளிப் போட்டு முதல் கலவையைச் செய்தேன். பெருமையோடு அக்காவிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்தவள், "பாயசத்தில் முந்திரியைக் காணோமே, தம்பி" என்றாள். அடுத்த எட்டு முயற்சிகளும் ஏறக்குறைய அதே பாயசம்தான். காகிதத்தின் உயிர் இனிப்பில் இல்லை, உலர்வில் இருக்கிறது என்று புரிந்த பிறகுதான் பத்தாவது குப்பியில் புத்தகம் திறந்தது.

முதல் படி: எந்தக் காகிதம்?

கந்தல் துணியில் செய்த பழங்காகிதம், மரக்கூழில் செய்து பழுத்துப்போன காகிதம், நேற்று அச்சகத்திலிருந்து வந்த புதுக்காகிதம் ஆகிய மூன்றும் மூன்று விதமாக மணக்கும். எதைச் செய்யப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் தராசைத் தொடாதீர்கள்.

ஐரோப்பாவில் நெடுங்காலம் காகிதம் பெரும்பாலும் பருத்தி, லினன் கந்தல்களிலிருந்துதான் வந்தது. 1844 வாக்கில் சாக்சனியைச் சேர்ந்த பிரீட்ரிக் காட்லோப் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதன்பின் வந்த மலிவுக் காகிதத்தில் மரத்தின் நார்களை ஒட்டவைக்கும் லிக்னினும் கூடவே வந்து சேர்ந்தது. நாம் "பழைய புத்தக வாசனை" என்று உருகுவது பெரும்பாலும் இந்த மரக்கூழ்க் காகிதம் மெல்ல அழியும் வாசனையைத்தான். லிக்னின் சிதையும்போது வனிலின் பிறக்கிறது. வனிலாக் காயில் மணப்பதும் இதே மூலக்கூறுதான். செல்லுலோஸ் சிதையும்போது ஃபர்ஃபியூரால் வருகிறது, அது வறுத்த ரொட்டியையும் வாதுமையையும் நினைவூட்டும். மை பரவாமலிருக்க அந்தக் காலத்தில் காகிதத்தில் ரோசின் என்ற பைன் பிசினையும் படிகாரத்தையும் சேர்த்தார்கள். படிகாரம் காகிதத்தை அமிலமாக்கி அழிவை விரைவுபடுத்துகிறது. ரோசினும் கொழுப்பும் காற்றுப் பட்டுக் கெடும்போது, வெட்டிய புல்லைப் போல மணக்கும் ஹெக்ஸனால் (hexanal) வெளிவருகிறது. கொஞ்சம் பென்சால்டிஹைடு, கொஞ்சம் அசிட்டிக் அமிலத்தின் புளிப்பு ஆகியவையும் உண்டு.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மாட்டியா ஸ்ட்ர்லிச் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு, பழங்காகிதம் வெளிவிடும் ஆவிகளைக் கொண்டே அதன் நிலையைக் கணிக்கலாம் என்று காட்டியது. புல், அமிலம், வனிலாவின் சாயல், அடியில் ஒரு பூசண வாடை என்று அவர்கள் அந்த மணத்தை வர்ணித்தார்கள். வனிலா அங்கே வெறும் சாயல்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் 2017-ல் செசிலியா பெம்பிப்ரே ஸ்ட்ர்லிச்சுடன் சேர்ந்து, லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் நூலக மணத்தை ஆராய்ந்தார். வருகையாளர்கள் அந்த மணத்துக்கு முதலில் கொடுத்த சொல் "மரம்". வனிலா பின்வரிசையில்தான் இருந்தது. பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் பழங்காகிதச் சாற்றைப் பெயர் சொல்லாமல் முகரக் கொடுத்தபோது பலர் சாக்லேட் என்றார்கள், அடுத்தபடியாகக் காபி என்றார்கள். கசப்பும் வறுவலும் கலந்த இந்தக் குறிப்பு நம் கலவைக்கு உதவும்.

இந்த வழிகாட்டி அந்த மூன்று காகிதங்களில் நடுவில் உள்ள பழுத்த மரக்கூழ்க் காகிதத்தைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

இரண்டாம் படி: மூன்று ஜாம் பாட்டில்கள்

நன்றாகக் கழுவி வாசனை நீங்கக் காயவைத்த மூன்று கண்ணாடி பாட்டில்களை எடுங்கள். ஒன்றில் பழுப்பேறிய பழைய நாவலின் கிழிந்த பக்கங்கள், ஒன்றில் அன்றைய செய்தித்தாள், ஒன்றில் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் வெள்ளைத் தாள். மூடி போட்டு ஒரு நாள் நிழலில் வையுங்கள்.

மறுநாள் காலையில், காபி குடிப்பதற்கு முன், ஒவ்வொன்றாகத் திறந்து முகருங்கள். வெள்ளைத் தாளில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. சுண்ணாம்பு போல ஒரு வெறுமை. இப்போதைய தாள்களில் கால்சியம் கார்பனேட் நிரப்பியாகச் சேர்கிறது. செய்தித்தாளில் மையின் எண்ணெய்ப் பிசுக்கும் பச்சை மரமும் தெரியும். பழைய நாவலின் பாட்டில்தான் பாடம். திறந்த முதல் நொடியில் ஒரு புளிப்பு மூக்கின் உட்பகுதியைக் கிள்ளும். பிறகு தூசி. பிறகு பென்சில் சீவியது போன்ற மரம். இனிப்பு கடைசியில், மூச்சை வெளியே விடும்போது மட்டும் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அந்த வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கலவை முடியும்வரை அதுதான் உங்கள் வரைபடம்.

பக்கத்தின் மேல் மெல்ல வாயால் ஊதிவிட்டு முகர்ந்தால் மணம் எழும்பும், ஈரம் அதைக் கிளப்பிவிடுகிறது. அந்துருண்டை போட்டு வைத்திருந்த அலமாரிப் புத்தகம் மட்டும் வேண்டாம். நம்மில் பலருக்குப் பழைய புத்தகம் என்றாலே அந்துருண்டை நினைவுதான் வரும். ஆனால் அது காகிதத்தின் மணம் அல்ல, பீரோவின் மணம்.

மூன்றாம் படி: சாமான்கள்

0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு கட்டாயம். சொட்டுக் கணக்கு வேண்டாம்; ஒரு பொருளின் சொட்டும் இன்னொன்றின் சொட்டும் ஒரே எடை இருக்காது. சிறு கண்ணாடிக் குப்பிகள், வீசியெறியக்கூடிய பிளாஸ்டிக் துளிப்பான்கள், பெயர்ச்சீட்டுகள், கையுறை. நீர்க்கச் செய்வதற்கு டிபிஜி என்று சுருக்கமாக அழைக்கப்படும் டைப்ரோப்பிலீன் கிளைக்கால்.

வனிலின், வைக்கோல் மணமுள்ள கூமரின், பாசி மணமுள்ள எவர்னில் மூன்றும் தூளாக வரும். ஒரு கிராம் தூளை 9 கிராம் டிபிஜியில் போட்டு, குப்பியை வெந்நீரில் நிறுத்தி மெல்லக் கரைத்தால் 10% கரைசல். எவர்னில் அடம்பிடிக்கும், பொறுமை வேண்டும். கோகோவின் அடர்சாறான கோகோ அப்சலூட்டையும் இப்படியே 10% ஆக்குங்கள். பென்சால்டிஹைடு, ஹெக்ஸனால் இரண்டையும் 1% ஆகக் கரைத்து வையுங்கள். ஹெக்ஸனாலைத் தூய நிலையில் வீட்டுக்குள் திறக்க வேண்டாம். ஒரு முறை சமையலறையில் திறந்து, இரவு முழுவதும் வீடே அறுத்த புல்வெளியாக நாறியது.

ஃபர்ஃபியூரால் உண்மையான காகிதத்தில் இருந்தாலும் நாம் அதைத் தொடப்போவதில்லை. வாசனைத் துறையின் பாதுகாப்பு அமைப்பான இஃப்ரா அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருக்கிறது. அந்த வறுத்த சாயலைக் கோகோவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: முதலில் உலர்வு

இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள், நானும் மாறினேன். வனிலினிலிருந்து தொடங்காதீர்கள். இனிப்பே இல்லாத வெற்றுக் காகிதத்தை முதலில் எழுப்புங்கள்.

அதற்கு ஐசோ இ சூப்பர்தான் முதுகெலும்பு. 1970-களிலிருந்து புழங்கும் செயற்கைப் பொருள். மரம் போலவும் இருக்கும், ஒன்றுமில்லாதது போலவும் இருக்கும். கெசா ஷோன் 2006-ல் இதை மட்டுமே வைத்து 'மாலிக்யூல் 01' என்ற திரவியத்தை வெளியிட்டார். பின்னாளில், 2012-ல், பதிப்பாளர் கெர்ஹார்ட் ஸ்டைடலுக்காகப் புதுப் புத்தக மணமுள்ள 'பேப்பர் பேஷன்' செய்தவரும் அவர்தான்.

அதனுடன் வர்ஜீனியா சிடார் எண்ணெய், பென்சில் சீவல் மணம். அடுத்து மெத்தில் அயனோன். தாழம்பூப் பொடியும் ஐரிஸ் வேரும் கலந்தது போன்ற குளிர்ந்த, மாவு போன்ற மணம். காகிதத்தின் மேல்பரப்பை விரலால் தடவும் உணர்வை மூக்குக்குத் தருவது இதுதான் என்பது என் கருத்து. எவர்னில் பாசியின் தூசியைத் தரும். உண்மையான ஓக்மாஸ் பாசிச் சாற்றை வாங்கிவிடாதீர்கள், ஒவ்வாமைக் கட்டுப்பாடுகள் அதிகம். எத்திலீன் பிராசிலேட் என்ற கஸ்தூரி இவை எல்லாவற்றையும் ஒரே தாளாக ஒட்டும் பசை.

வெட்டிவேர் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் என்று பாசம் காட்டி, கன்னௌஜில் செம்புப் பாத்திரத்தில் வடித்த பச்சை நிற ரூ கஸ்ஸை இதில் ஊற்றினேன். அருமையான எண்ணெய், ஆனால் தண்ணீர் தெளித்த தட்டியைப் போல ஈரமான மணம். புத்தகம் நனைந்துவிட்டது. ஹெய்ட்டி வெட்டிவேர் எண்ணெய் இதற்கு ஏற்ற வறட்சி கொண்டது.

ஐந்தாம் படி: பிறகு முதுமை

10 கிராம் கலவைக்கு முழு அளவு இது. வரிசையாகவே சேருங்கள்.

ஐசோ இ சூப்பர்: 3.00 கிராம்
எத்திலீன் பிராசிலேட்: 2.00
மெத்தில் அயனோன்: 1.20
வர்ஜீனியா சிடார்: 1.00
எவர்னில், 10% கரைசல்: 0.80
ஹெய்ட்டி வெட்டிவேர்: 0.30
பச்சோலி இலை எண்ணெய்: 0.20
கூமரின், 10%: 0.50
கோகோ அப்சலூட், 10%: 0.15
பென்சால்டிஹைடு, 1%: 0.15
ஹெக்ஸனால், 1%: 0.10
வனிலின், 10%: 0.60

பச்சோலி வரை சேர்த்ததும் நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். இப்போது மணப்பது எழுதாத நோட்டுப் புத்தகம். அதற்குப் பிறகுதான் வயது ஏறுகிறது: கூமரின் உலர்ந்த வைக்கோலைத் தரும், கோகோ அந்தச் சாக்லேட் கசப்பை, பென்சால்டிஹைடு வாதுமையை. ஹெக்ஸனாலின் உண்மையான அளவு வெறும் ஒரு மில்லிகிராம்தான். அது இல்லையென்றால் கலவை மரப்பெட்டியாக நின்றுவிடும், இரண்டு மடங்கானால் தோட்டமாகிவிடும்.

வனிலின் கடைசி. 0.60 கிராம் கரைசலில் தூய வனிலின் 0.06 கிராம்தான். அதையும் ஒரே மூச்சில் ஊற்றாமல் மூன்று தவணையாகச் சேர்த்து, ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் முகருங்கள். இரண்டாவது தவணையிலேயே போதும் என்று மூக்கு சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

காகிதத்தைக் காகிதத்தில் சோதிக்காதீர்கள்

வாசனை சோதிக்க எல்லோரும் பயன்படுத்துவது பிளாட்டர் எனப்படும் தடித்த காகிதப் பட்டை. காகித மணத்தைச் செய்கிறவருக்கு அதைவிடப் பெரிய ஏமாற்று கிடையாது. பட்டையின் சொந்த மணமே பாதி வேலையைச் செய்துவிடும். "ஆகா, அச்சு அசல் புத்தகம்" என்று குதிப்பீர்கள். அதையே கையில் தடவினால் புத்தகத்தைக் காணோம். எனவே கண்ணாடித் துண்டிலோ, மெருகு பூசாத ஓட்டுத் துண்டிலோ, துவைத்த பருத்தித் துணியிலோ சோதியுங்கள். ஓட்டில் காகிதம் தெரிந்தால் எங்கும் தெரியும்.

சோதிக்கும் நேரமும் முக்கியம். முதல் பத்து நிமிடங்களில் புல்லும் வாதுமையும் பேசும், ஒரு மணி நேரத்தில் மரமும் அயனோனும். ஆறாவது மணி நேரத்தில் முகருங்கள்: அப்போது எஞ்சுவது கஸ்தூரி, எவர்னில், வனிலின். தோலின் சூடு வேறு இனிப்பைத் தூக்கிக் கொடுக்கும். தொடக்கத்தில் மிகச் சரியாகத் தோன்றிய வனிலின் அளவு, மாலையில் பாயசமாவது இப்படித்தான். ஆறாவது மணியில் சரியாக இருக்க வேண்டுமென்றால் முதல் மணியில் கொஞ்சம் போதாததாகத்தான் தோன்றும்.

திருத்தங்கள்

இனிப்பு மிஞ்சினால் மரத்தைக் கூட்டி மறைக்க முயலாதீர்கள், வனிலின் இல்லாமல் இன்னொரு கலவை செய்து இதனுடன் சேர்த்து நீர்க்கச் செய்வதே வழி. பென்சில் டப்பா போலிருந்தால் சிடாரில் கால் பங்கைக் குறைத்து அயனோனை ஏற்றுங்கள். பாதாள அறை போல ஈரமாக இருந்தால் குற்றவாளி பச்சோலி. முகப்பவுடர் போலிருந்தால் அயனோனும் எவர்னிலும் கூட்டணி சேர்ந்துவிட்டன, ஐசோ இ சூப்பர் 0.50 கிராம் கூட்டிப் பாருங்கள். மணமே தெரியவில்லை என்றால் கலவையைக் குறை சொல்வதற்கு முன் வேறொருவரிடம் கொடுங்கள்: ஐசோ இ சூப்பரும் சில கஸ்தூரிகளும் சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாது, எட்டுகிறவர்களுக்கும் சற்று நேரத்தில் மரத்துப்போகும்.

ஆறாம் படி: ஊறவைத்தல்

கலவையை இருட்டில் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு 1.5 கிராம் கலவைக்கு 8.5 கிராம் வாசனைத் திரவியத்துக்கான ஆல்கஹால் சேர்த்து, இன்னும் நான்கு வாரம். ஆல்கஹாலில் ஹெக்ஸனாலின் கூர்மை மெல்ல மழுங்கும், அது நல்லதுதான். தீப்பற்றும் பொருள், அடுப்பங்கரையில் வைத்துச் செய்யாதீர்கள். தோலில் போடுமுன் முழங்கையின் உட்புறம் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். நீர்க்காத கலவை தோலில் படவே கூடாது.

ஏழாம் படி: ஒரு திரவியத்துக்குள் காகிதத்தை வைப்பது

தனியாகப் பூசிக்கொள்ளக் காகிதம் கொஞ்சம் வெறுமையாகத் தோன்றலாம். ஒரு பெரிய கலவையில் 10 முதல் 25 சதவீதம் வைத்தால் நன்றாக இருக்கும். தேநீர், சாம்பிராணி, புகையிலை, பதனிட்ட தோலின் மணம் எல்லாம் நல்ல அண்டை வீட்டார். தோல் மணம் சேர்ந்தால் பைண்டு செய்த புத்தகம் வந்துவிடும்.

மல்லிகை வேண்டாம். எதைச் செய்தாலும் மல்லிகை போடச் சொல்லும் உறவினர் எல்லோருக்கும் உண்டு. மல்லிகையில் உள்ள இண்டோலும் மெத்தில் ஆந்த்ரனிலேட்டும் வனிலினுடன் சேர்ந்தால் கலவையின் நிறம் கறுக்கும். அதைவிட, அந்தப் பூ வந்தால் புத்தகத்தை யார் படிப்பார்கள்?

ஒலிவியா ஜியாகோபெட்டி 1999-ல் லார்த்திசான் பர்ஃப்யூமருக்காகச் செய்த 'ட்ஸிங்!' சர்க்கஸ் கூடாரத்தை மனதில் வைத்துச் செய்தது. ஆனால் முகர்ந்த பலருக்கும் அதில் அட்டைப்பெட்டி தெரிந்தது. மரத்தூளும் தோலும் வனிலாவும் சரியான விகிதத்தில் சந்தித்தால் காகிதம் அழைக்காமலே வரும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. கிடைத்தால் ஒரு முறை முகர்ந்து பாருங்கள்.

புதுக்காகிதம் வேண்டுமென்றால்

வனிலின், கோகோ, கூமரின், பச்சோலி நான்கையும் நீக்குங்கள். கஸ்தூரியை இரட்டிப்பாக்குங்கள். சோறு வடிக்கும் ஆவியின் மணம் வெள்ளைத் தாளுக்கு வியக்கத்தக்க அளவு பொருந்தும். ஃபாப்ரிஸ் பெல்லக்ரின் 2023-ல் டிப்டிக் நிறுவனத்துக்காகச் செய்த 'லோ பாப்பியே'யில் வெண்கஸ்தூரி, மிமோசாவுடன் அரிசி ஆவியையும் வைத்தார். கஞ்சித் தண்ணீர் வாசனையில் வளர்ந்த நமக்கு அது உடனே பிடிபடும்.

ஓலை வேண்டுமென்றால்

காகிதத்துக்கு முந்தைய நம் எழுதுபொருளையும் இதே எலும்புக்கூட்டில் கட்டலாம். ஓலைச்சுவடிகள் நெகிழ்வாக இருக்கவும் பூச்சி அண்டாமலிருக்கவும் எலுமிச்சைப்புல் வகை எண்ணெய்களைத் தடவுவது வழக்கம். தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் ஆகியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிகளிடையே வைக்கும் மரபு உண்டு. ஆகவே மூலக்கலவையில் வனிலினையும் கோகோவையும் எடுத்துவிட்டு, எலுமிச்சைப்புல் எண்ணெய், மிளகு எண்ணெய் இரண்டையும் 10% கரைசலாக 0.30 கிராம் வீதம் சேருங்கள். கிராம்பு எண்ணெய் என்றால் 1% கரைசலில் 0.20 போதும். வசம்பு எண்ணெயைத் தொடாதீர்கள். அதிலுள்ள பீட்டா-அசரோன் காரணமாக அதற்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. அந்த மண் கலந்த காரத்துக்குக் கோரைக்கிழங்கு எண்ணெய் ஓரளவு ஈடுகொடுக்கும்.

துணியைப் பற்றி

வனிலின் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பேறும். குப்பிக்குள் கலவை ஒரு மாதத்தில் வெளிர் மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்குப் போனால் பதற வேண்டாம், கெட்டுப்போகவில்லை. ஆனால் வெள்ளைச் சட்டையிலும் வேட்டியிலும் அடிக்காதீர்கள். என் சட்டைக் காலரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறை, மூன்று சலவைக்குப் பிறகும் பழைய புத்தகத்தின் ஓரம் போலவே இருக்கிறது.